உபகாரச் சம்பளம்: உபகாரம் செய்தவர் யார்?

மேல்படிப்புக்கு உபகாரச் சம்பளம் என்று பத்திரிகையின் மூலையில் ஒரு செய்தி வந்தால், மில் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் அதைத் தாண்டிப் போய்விடுவது வழக்கம். பஞ்சப்படி உயர்ந்ததா, நடவுக் கூலி என்ன ஆயிற்று என்று தேடுகிற கண், டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறவர்களின் சம்பளத்தில் எதற்காக நிற்க வேண்டும்? அதிலும், தொத்து வியாதி ஆராய்ச்சியில் ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்க நாடுகளின் இளைஞர்களுக்குப் பயிற்சி என்றால், அது ஜெனீவாவில் கோட்டு சூட்டு போட்டவர்கள் பேசிக்கொள்ளும் விஷயம் என்றே தோன்றுகிறது.

தோழர்களே, அது நம்முடைய விஷயம். சேற்றில் இறங்கி நடவு செய்கிறவளுக்கு எலிக்காய்ச்சல் வருகிறது. வரப்பிலும் புதரிலும் புல் அறுக்கிறவனுக்கு உண்ணிக்காய்ச்சல் வருகிறது. ஒரே அறையில் ஆறு பேர் படுக்கிற லயன் வீட்டில் காசநோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தாவுகிறது. உலகத்தின் காசநோயாளிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இந்தியர். இந்த வியாதிகள் மாடி வீட்டைத் தேடிப் போவது குறைவு. ஆகவே இவற்றுக்கு மருந்து கண்டுபிடித்தால் கொள்ளை லாபம் கிடைக்காது. லாபம் இல்லாத இடத்தில் மருந்துக் கம்பெனி மூலதனம் போடாது. சுகாதார ஆராய்ச்சி பற்றி 1990ல் ஒரு சர்வதேசக் கமிஷன் கணக்கெடுத்துச் சொல்லிற்று: தடுத்திருக்கக்கூடிய மரணங்களின் சுமையில் 93 சதவீதம் ஏழை நாடுகளின் தலையில், அந்த நாடுகளின் பிரச்னைகளை ஆராயச் செலவான பணமோ உலக ஆராய்ச்சிச் செலவில் 5 சதவீதம்!

இந்தக் கணக்கை யார் மாற்றுவது? லாபக் கணக்குப் பார்க்காமல் ஆராயத் தெரிந்தவர்கள் அந்தந்த நாட்டிலேயே வேண்டும். அப்படி ஒருவரை உருவாக்க வருஷக்கணக்காகும். கல்லூரிப் பட்டம் முடிந்த பிறகு முதுகலைக்கு 2 வருஷம். டாக்டர் பட்டத்துக்கு 4 அல்லது 5 வருஷம். அந்த ஆறேழு வருஷம் வீட்டுக்குச் சம்பாதித்துக் கொடுக்க முடியாது. மிராசுதார் பிள்ளைக்கு அது கஷ்டமில்லை. கூலிக்காரர் பிள்ளைக்கு? தங்கை கல்யாணம், அப்பாவின் இருமல், மார்வாடிக் கடையில் கிடக்கும் தோடு, இவையெல்லாம் ஆராய்ச்சி முடியும் வரை காத்திருக்குமா? மாதா மாதம் கையில் காசு வந்தால்தான் அந்தப் பிள்ளை பரிசோதனைச் சாலையில் நிற்க முடியும். எந்த வீட்டில் வியாதி இருக்கிறதோ அந்த வீட்டிலிருந்து ஓர் ஆராய்ச்சியாளர் வருவாரா மாட்டாரா என்பது இந்தச் சம்பளத்தில்தான் இருக்கிறது.

இதற்கு வைத்த பெயரைப் பாருங்கள்: உபகாரச் சம்பளம்! சம்பளம், சரி. காலையிலிருந்து ராத்திரி வரை ஆராய்ச்சி மாணவன் நிற்கிறான், வேலை செய்கிறான், கூலி வாங்குகிறான். உபகாரம் எங்கிருந்து வந்தது? மில்லில் நாம் வாங்குவது முதலாளி செய்யும் உபகாரமா? இப்போது சர்க்கார் காகிதங்களில் 'உதவித்தொகை' என்று மாற்றியிருக்கிறார்கள். உபகாரம் போய் உதவி வந்திருக்கிறது. பிச்சை வாடை போகவில்லை.

பஞ்சு போன வழியில் ரத்தம்

வெள்ளைக்காரன் காலத்தில் நம் கரிசல் பூமியின் பஞ்சு கப்பலேறிப் போய், லங்காஷயரிலிருந்து துணியாகத் திரும்பி வந்து நம்மிடமே விலை பேசப்பட்ட கதையைப் பஞ்சாலைத் தொழிலாளிக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதே வழியில் ரத்தமும் போயிருக்கிறது. காங்கோ நாட்டைப் பார்ப்போம்.

லுமும்பாவின் காங்கோ பெல்ஜியத்திடமிருந்து 1960 ஜூன் 30ல் விடுதலை பெற்றது. அன்று அந்தப் பெரிய நாட்டில் பட்டதாரிகள் 30 பேர்கூடத் தேறவில்லை. ரப்பரையும் செம்பையும் 75 வருஷம் வாரிக்கொண்டு போன பெல்ஜியம் செய்த கல்வித் தொண்டு அவ்வளவுதான். விடுதலைக்குப் பின் வந்த தலைமுறையில் டாக்டரானவர் ழான்-ழாக் முயெம்பே. கின்ஷாஸாவில் வைத்தியம் படித்து, பெல்ஜியத்தின் லூவென் நகரில் வைரஸ் கிருமிகளை ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்று, 1970களில் தாய்நாடு திரும்பினார். திரும்பிப் பார்த்தால் வேலை செய்யப் பரிசோதனைச் சாலை இல்லை. சோதனைக்கு எலிகூட இல்லை. வைரஸைப் படித்தவர் வைரஸைப் பார்க்க வழியில்லாமல், கொள்ளைநோய் வந்த கிராமங்களுக்கு நேரில் போய் விசாரிக்கும் வேலையை எடுத்துக்கொண்டார். தறி ஓட்டப் பழக்கிவிட்டுத் தறியில்லாத ஊருக்கு ஆளை அனுப்பிய மாதிரி!

1976ல் யம்புக்கு என்ற ஊரில், பெல்ஜியக் கன்னியாஸ்திரீகள் நடத்திய மிஷன் ஆஸ்பத்திரியில், ஜனங்கள் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள். சர்க்கார் முயெம்பேயை அனுப்பிற்று. அவர் கையுறைகூட இல்லாமல் நோயாளிகளின் ரத்தம் எடுத்தார். ஊசி குத்திய இடத்தில் ரத்தம் நிற்காமல் வழிந்து விரல்களை நனைத்தது. சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவிக்கொண்டார், பிழைத்தது அதிர்ஷ்டம். காய்ச்சலில் கிடந்த ஒரு கன்னியாஸ்திரீயைத் தலைநகருக்கு அழைத்து வந்தார். அங்கே எடுத்த ரத்தம் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகருக்குப் போயிற்று. பிறகு அமெரிக்காவின் அட்லாண்டாவுக்கும் போயிற்று. இதுவரை யாரும் பார்த்திராத கிருமி என்று தெரிந்தது. எபோலா என்று பெயர் வைத்தார்கள். கண்டுபிடித்த புகழ் பரிசோதனைச் சாலை வைத்திருந்த ஐரோப்பியருக்கும் அமெரிக்கருக்கும் போயிற்று. ரத்தம் எடுத்த காங்கோக்காரர் பெயர் பல காலம் பேச்சிலேயே அடிபடவில்லை.

1995ல் கிக்விட் நகரில் மறுபடி எபோலா. நோயில் பிழைத்து எழுந்தவர்களின் ரத்தத்தை முயெம்பே 8 நோயாளிகளுக்கு ஏற்றினார். 7 பேர் பிழைத்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க ரத்தம் ஏற்றப்படாத இன்னொரு குழு இல்லை, ஆகவே இதை நிரூபணமாக ஏற்க முடியாது என்று மேலைநாட்டு விஞ்ஞானிகள் ஒதுக்கிவிட்டார்கள். விஞ்ஞான முறைப்படி அந்த ஆட்சேபத்தில் தவறில்லை. ஆனால் முறையான சோதனை நடத்தப் பணமும் பயின்ற ஆட்களும் அவரிடம் இருந்தனவா என்று யார் கேட்டார்கள்?

கிக்விட்டில் பிழைத்த ஒருவரின் ரத்தத்திலிருந்தே பிற்பாடு அமெரிக்க சர்க்காரின் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு மருந்து உருவாயிற்று. முயெம்பேயும் அதில் சேர்ந்து உழைத்தார். 2018 முதல் 2020 வரை கிழக்கு காங்கோவில் 3,470 பேரைப் பிடித்து 2,287 பேரைக் கொன்ற எபோலாவின் நடுவே, காங்கோ மண்ணிலேயே, காங்கோ டாக்டர்கள் முன்நின்று முறையான சோதனை நடத்தினார்கள். 2019ல் அந்த மருந்தின் பலன் உறுதியாயிற்று. கிருமி பெருகுமுன் சீக்கிரமாக வந்து சேர்ந்த நோயாளிகளில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் பிழைத்தார்கள். 2020 டிசம்பரில் அமெரிக்க சர்க்கார் மருந்துக்கு அனுமதி கொடுத்தது. உரிமம் ஓர் அமெரிக்கக் கம்பெனியின் கையில். பஞ்சு போய்த் துணியாக வந்ததா இல்லையா?

ஆனால் 2019ல் முயெம்பே இன்னொரு முடிவையும் அறிவித்தார். இந்தக் கொள்ளைநோயில் எடுத்த ரத்தம் இனிக் காங்கோவை விட்டுப் போகாது. ஆராய விரும்புகிறவர்கள் கின்ஷாஸாவுக்கு வரட்டும், எங்களோடு சேர்ந்து ஆராயட்டும் என்றார். வாய்ச்சவடால் அடிக்கிறவர் அல்ல அவர். நாற்பது வருஷ உழைப்பில் கின்ஷாஸாவில் ஒரு தேசிய ஆராய்ச்சி நிலையமும், அதில் வேலை தெரிந்த இளைய காங்கோ விஞ்ஞானிகளும் உருவாகியிருந்தார்கள். அந்தத் தைரியத்தில் சொன்ன வார்த்தை அது. பயின்ற ஆள் இல்லாமல் கதவை மட்டும் பூட்டினால் ரத்தம் பெட்டியில் கிடந்து கெட்டுப்போகும், அவ்வளவுதான். ஒரு நாடு "எங்கள் ரத்தம் எங்களுடையது" என்று சொல்வதற்குக்கூட உபகாரச் சம்பளத்தில் படித்த நூறு பேர் முதலில் வேண்டியிருக்கிறது.

அந்த நூறு பேர் இல்லாத நாட்டில் என்ன நடக்கும் என்பதை லைபீரியா காட்டிற்று. ஜெர்மானிய விஞ்ஞானிகள் லைபீரிய ஜனங்களின் ரத்தத்தைச் சோதித்து 1982ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எபோலா இருக்கும் பிரதேசங்களில் லைபீரியாவையும் சேர்க்க வேண்டும் என்று அதில் எழுதினார்கள். கட்டுரை ஐரோப்பியப் பத்திரிகையில் வந்தது. எழுதியவர்களில் லைபீரியர் ஒருவர்கூட இல்லை. லைபீரியாவின் ஆஸ்பத்திரிகளில் அதைப் படித்தவரும் இல்லை. 32 வருஷம் கழித்து, 2014ல், மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா வெடித்தபோது எல்லோரும் எதிர்பாராத ஆபத்து என்றார்கள். 11,300க்கு மேற்பட்டோர் செத்தார்கள்; லைபீரியாவில் மட்டும் 4,800 பேர். அந்த நாடு முழுவதிலும் அப்போது இருந்த டாக்டர்கள் சுமார் 50 பேர். 2015ல் லைபீரிய சுகாதார அதிகாரிகளே ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் இந்த வயிற்றெரிச்சலைக் கொட்டினார்கள்: அந்தப் பழைய கட்டுரைகளில் ஒன்றை வாங்கிப் படிக்க 45 டாலர் விலை, அது எங்கள் டாக்டரின் அரை வாரச் சம்பளம் என்று. தன் ஜனங்களின் ரத்தத்தில் எழுதிய எச்சரிக்கையைத் தானே காசு கொடுத்து வாங்க வேண்டும்! அந்த ஜெர்மானியர்கள் போகும்போது இரண்டு லைபீரிய இளைஞர்களை ஆராய்ச்சியில் பழக்கி விட்டுப் போயிருந்தால், எச்சரிக்கை நாட்டுக்குள்ளேயே நின்றிருக்கும்.

ஒரு கையெழுத்தில் நின்றது

நல்ல முயற்சிகள் நடக்கவே இல்லை என்று சொல்லமாட்டேன். உலக சுகாதார ஸ்தாபனத்தின் கீழ் 1975ல் டி.டி.ஆர். என்ற விசேஷத் திட்டம் தொடங்கியது. மலேரியா, யானைக்கால், குஷ்டம், காலா அசார் போன்ற ஏழைகளின் வியாதிகளில் ஆராய்ச்சியும் பயிற்சியும் இரண்டும் அதன் வேலை. பிற்காலத்தில் அது ஒரு முதுகலைப் பயிற்சித் திட்டம் வகுத்தது. பங்களாதேஷ், இந்தோனேஷியா, கானா, ஜாம்பியா, தென்னாப்பிரிக்கா, கொலம்பியா, லெபனான் ஆகிய 7 நாடுகளின் சர்வகலாசாலைகளில், சுற்றுப்புற நாட்டு மாணவர்களுக்குச் சம்பளம் கொடுத்துப் படிக்க வைத்தது. லண்டனுக்கும் பாஸ்டனுக்கும் ஏற்றுமதி செய்யாமல், வியாதி இருக்கிற பூமியிலேயே படிப்பு. இந்த அம்சம் எனக்குப் பிடித்திருக்கிறது. லண்டனுக்குப் போனவர்களில் திரும்பி வராதவர்கள் எத்தனை பேர் என்று நமக்குத் தெரியாதா?

அங்கே சொல்லிக்கொடுக்கும் பாடமும் நல்ல பாடம். மருந்து இருக்கிறது, கொசுவலை இருக்கிறது, தடுப்பூசி இருக்கிறது. பிறகு ஏன் குடிசைக்குப் போய்ச் சேரவில்லை என்பதை ஆராய்வது. அறுப்புக் காலத்தில் ஆஸ்பத்திரி காலை 9 மணிக்குத் திறந்து மத்தியானம் மூடினால் கூலிக்காரி எப்போது போவாள் என்ற கேள்விக்கு மைக்ராஸ்கோப்பில் பதில் இல்லை. அந்த வாழ்க்கையைத் தெரிந்தவருக்கே அந்தக் கேள்வி தோன்றும்.

ஆனால் இப்படிப்பட்ட படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் வரும் பணத்தில் பெரும் பங்கு எங்கிருந்து வருகிறது? அமெரிக்கா, பிரிட்டன், பணக்கார நாட்டுத் தர்ம ஸ்தாபனங்கள். அங்கேதான் கயிறு இருக்கிறது.

டாக்காவைப் பாருங்கள். 1960ல் அங்கே ஒரு காலரா ஆராய்ச்சிச் சாலை திறந்தார்கள். யார் பெயரில்? சியாட்டோ என்ற ராணுவ ஒப்பந்தத்தின் பெயரில்! ஆசியாவில் சோஷலிசத்தைத் தடுக்கக் கூடிய கூட்டணிக்குக் காலராவில் என்ன அக்கறை என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் விஞ்ஞானம் எஜமானன் போட்ட கோட்டுக்குள் நிற்பதில்லை. வாந்திபேதிக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தே உயிர் காக்கலாம் என்பதை 1968ல் அங்கே நிரூபித்தார்கள். 1971ல் வங்கப் போர் அகதிகள் நிறைந்த பன்கான் முகாமில், கல்கத்தா டாக்டர் திலீப் மஹாலனபிஸ் அந்தக் கரைசலைப் பீப்பாய்களில் வைத்து அகதிகளின் சொந்தக்காரர்களே புகட்டும்படி செய்தார். நூற்றுக்கு 30 என்று இருந்த சாவு 4க்கும் கீழே இறங்கிற்று. இன்று நம் அங்கன்வாடியில் கிடைக்கும் உப்பு-சர்க்கரைப் பொட்டலத்தின் பூர்வீகம் இதுதான். டாக்கா நிலையம் 1978ல் சர்வதேச ஆராய்ச்சி நிலையமாக மாறி, பங்களாதேஷ் விஞ்ஞானிகள் பல தலைமுறை அங்கே பயின்றார்கள்.

2025 ஜனவரியில் அமெரிக்க ஜனாதிபதி வெளிநாட்டு உதவியை நிறுத்தும் உத்தரவில் ஒரு கையெழுத்துப் போட்டார். சில நாட்களுக்குள் டாக்கா நிலையத்தில் 1,000க்கும் மேற்பட்டோருக்கு வேலைநீக்கக் கடிதம் வந்தது. காசநோயைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தவர்கள் அவர்கள். அதே வருஷம் தென்னாப்பிரிக்காவின் எச்.ஐ.வி., காசநோய் ஆராய்ச்சி நிலையங்களுக்கு வந்துகொண்டிருந்த அமெரிக்கப் பணமும் வெட்டப்பட்டது. உலக சுகாதார ஸ்தாபனத்தை விட்டே விலகும் உத்தரவும் அந்த ஜனவரியில்தான். பிரிட்டனோ, தேசிய வருமானத்தில் 0.7 சதவீதமாக இருந்த வெளிநாட்டு உதவியை 2021ல் 0.5 ஆக்கிற்று; 2027க்குள் 0.3 ஆக்கப்போவதாக 2025 பிப்ரவரியில் அறிவித்தது. மிச்சமாகும் பணம் எதற்கு? ராணுவச் செலவுக்கு! வெளிப்படையாகவே சொன்னார்கள்.

பாதி ஆராய்ச்சியில் நிற்கிற மாணவனின் நிலையை யோசித்துப் பாருங்கள். லாக்-அவுட் அறிவிப்பு கேட்டில் தொங்குவதைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரே வித்தியாசம்: மில் திறந்தால் ராட்டை மறுபடி சுற்றும். சோதனையில் இருந்த நோயாளிக்கு மருந்து நடுவில் நின்றால் கிருமி மருந்துக்குப் பழகிக்கொள்ளும். பிறகு அந்த மருந்து யாருக்கும் பலிக்காது.

அப்படியானால் ஏகாதிபத்தியப் பணமே வேண்டாம் என்று சொல்லிவிடலாமே என்று இளந்தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, எனக்கு உடன்பாடில்லை. நம் ரத்தத்தில் கண்டுபிடித்த மருந்தின் லாபம் அங்கே குவிந்திருக்கிறது. ஏழை நாடுகளின் செலவில் படித்த டாக்டர்களும் நர்ஸுகளும் அங்கே ஆஸ்பத்திரிகளை நடத்துகிறார்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதி ஜாம்பியா மாணவிக்குச் சம்பளமாக வந்தால், அது கூலி பாக்கி. கூலி பாக்கியை வாங்கிக்கொள்ள வெட்கம் எதற்கு? காங்கோவின் புதிய ஆராய்ச்சிக் கட்டடம் ஜப்பான் உதவியில் எழுந்ததுதான். அதனால் முயெம்பேயின் முதுகு வளைந்துவிடவில்லை. வாங்குவோம். ஆனால் பாக்கி வசூலாவதை நம்பி யாரும் அடுப்பு மூட்டுவதில்லை. அன்றாட அரிசிக்குச் சொந்த வருமானம் வேண்டும்.

சொந்தக் கஜானாவின் வேலை

ஏழை நாட்டு சர்க்காருக்கு அது முடியாது என்ற பேச்சு எடுபடாது. மலேரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். வியட்நாம் காடுகளில் அமெரிக்கப் படையை எதிர்த்துப் போராடியவர்கள் மலேரியாவில் மடிந்துகொண்டிருந்தார்கள். பழைய மருந்துகள் பலிக்கவில்லை. வியட்நாம் உதவி கேட்டது. சீனா 1967 மே 23ல் ஒரு திட்டம் தொடங்கிற்று. 60 நிலையங்களில் 500க்கு மேற்பட்ட விஞ்ஞானிகள் வேலை செய்தார்கள். அவர்களில் ஒருவரான தூ யூயூ அம்மையார் பழைய சீன வைத்திய ஏடுகளைப் புரட்டி, ஒரு செடியிலிருந்து ஆர்ட்டெமிசினின் மருந்தைப் பிரித்தெடுத்தார். முதலில் தாமே விழுங்கிப் பார்த்தார். 2015ல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் டாக்டர் பட்டம் வாங்கியதில்லை, வெளிநாட்டில் படித்ததில்லை. அதைக் காட்டி, பட்டமும் சம்பளமும் எதற்கு என்று வாதாடுகிறவர்கள் உண்டு. அம்மையாரைப் படிக்க வைத்தது சர்க்கார் கல்லூரி. வேலை கொடுத்தது சர்க்கார் நிலையம் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். கலாசாரப் புரட்சியின் அந்த வருஷங்களில் சீன விஞ்ஞானிகள் பட்ட தொல்லைகளும் கொஞ்சமல்ல. அதையும் மறைக்க வேண்டியதில்லை.

நம் சென்னையிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 1956ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆராய்ச்சி நிலையம் தொடங்கிற்று. இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை ராஜ்ய சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்த முயற்சி. அந்தக் காலத்தில் க்ஷயம் என்றால் சானடோரியம். நல்ல காற்று, முட்டை, பால், வருஷக்கணக்கில் ஓய்வு. சென்னைச் சேரியில் இருந்தவனுக்கு அது கிடைக்குமா? வீட்டிலேயே இருந்து மாத்திரை சாப்பிட்டால் குணமாகுமா என்று அந்த நிலையம் சோதித்தது. 1959ல் முடிவு வெளிவந்தது: அரைவயிற்றுக் கஞ்சியோடு குடிசையில் மருந்து சாப்பிட்டவர்கள் சானடோரியத்தில் படுத்தவர்களுக்கு ஏறக்குறைய சமமாகக் குணமானார்கள், அவர்கள் வீட்டில் இருந்ததால் குடும்பத்துக்கு அதிகமாகத் தொத்தவும் இல்லை. உலகமெங்கும் காசநோய் வைத்தியமே மாறிற்று. ஆரம்பத்தில் வழிகாட்டியவர்கள் பிரிட்டிஷார். பிறகு அங்கேயே பயின்ற இந்தியர்கள் பொறுப்பேற்று நடத்தினார்கள். நிலையம் இன்றும் இருக்கிறது.

அண்மையில் வேலூரிலிருந்து ஒரு செய்தி. உண்ணிக்காய்ச்சல் முற்றியவர்களுக்கு இரண்டு பழைய மருந்துகளில் ஏதாவது ஒன்றைக் கொடுப்பது வழக்கம். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன என்று வேலூர் கிறிஸ்தவ ஆஸ்பத்திரி டாக்டர்கள் மற்ற ஊர் ஆஸ்பத்திரிகளுடன் சேர்ந்து சோதித்தார்கள். சேர்த்துக் கொடுப்பதே நல்லது என்று 2023ல் வெளிவந்தது. இரண்டும் காப்புரிமை தீர்ந்துபோன மலிவு மருந்துகள். எந்தக் கம்பெனி இந்தச் சோதனைக்குப் பணம் கொடுத்திருக்கும்? மத்திய சர்க்காரின் விஞ்ஞான இலாகாவும் ஒரு பிரிட்டிஷ் அறக்கட்டளையும் சேர்ந்து நடத்தும் நிதியிலிருந்து பணம் வந்தது. புல் அறுக்கப் போகிற நம் ஜனங்களின் உயிரில் அதன் பலன் தெரியும்.

இவ்வளவு செய்து காட்டிய நாட்டில் ஆராய்ச்சி மாணவர் நிலைமை என்ன? டில்லியில் மாணவர்கள் தெருவில் இறங்கிய பிறகே 2019ல் சம்பளம் உயர்ந்தது. 2023லிருந்து தொடக்கத்தில் மாதம் 37,000 ரூபாய். காகிதத்தில் நல்ல தொகை. மாதா மாதம் வராமல், பல மாதம் சேர்ந்து ஒருநாள் வருவதே பலருடைய அனுபவம். சம்பளத் தேதி தவறினால் மில்லில் நாம் கேட்டில் நிற்கிறோம். தனித்தனி அறையில் உட்கார்ந்திருக்கும் ஆராய்ச்சி மாணவர் யாரிடம் போவார்? சிறுபான்மை மாணவர்களுக்கு இருந்த மௌலானா ஆசாத் சம்பளத்தை 2022 டிசம்பரில் நிறுத்தியே விட்டார்கள்.

விவசாயத் தொழிலாளர் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு கணக்கு உண்டு. வெளிநாட்டில் முதுகலையும் டாக்டர் பட்டமும் படிக்க மத்திய சர்க்கார் ஒரு தேசியத் திட்டம் வைத்திருக்கிறது. வருஷத்துக்கு 125 இடம். அதில் தாழ்த்தப்பட்ட ஜாதியினருக்கு 115. சீர்மரபினர், நாடோடிப் பழங்குடியினருக்கு 6. நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பரம்பரைக் கைவினைஞர் இருவருக்கும் சேர்த்து 4. ஆம், நாலே நாலு! 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி இந்தியாவில் விவசாயத் தொழிலாளர் 14 கோடிக்கு மேல். அந்த 125ஆவது ஒழுங்காகக் கிடைக்கிறதா? 2025ல் தேர்வானவர்கள் 106 பேர். ஜூலையில் 40 பேருக்கு மட்டும் கடிதம் கொடுத்து, பணம் இருந்தால் மற்றவர்களுக்கு என்று 66 பேரை நிறுத்தி வைத்தார்கள். உலக வரிசையில் முதல் 500க்குள் வரும் சர்வகலாசாலையில் இடம் கிடைத்திருக்க வேண்டும் என்று வேறு நிபந்தனை. மலேரியாவின் நடுவே மலேரியாவைச் சொல்லிக்கொடுக்கும் கானாவும் ஜாம்பியாவும் அந்த வரிசையில் இல்லை.

1990ல் அந்தக் கமிஷன் சொன்ன யோசனை ஒன்று இருக்கிறது: ஒவ்வொரு ஏழை நாடும் தன் சுகாதாரச் செலவில் 2 சதவீதத்தை ஆராய்ச்சிக்கு ஒதுக்க வேண்டும். இதையே நம் சங்கங்கள் தங்கள் பாஷையில் கேட்கலாம். ஆராய்ச்சிச் சம்பளம் மாதச் சம்பளத் தேதியில் வர வேண்டும். விலைவாசிக்கு ஏற்பப் பஞ்சப்படி வேண்டும். படித்து முடித்தவருக்கு உள்நாட்டுப் பரிசோதனைச் சாலையில் நிரந்தர வேலை வேண்டும். இல்லாவிட்டால் முயெம்பே திரும்பி வந்து எலிகூட இல்லாமல் நின்ற கதையே நடக்கும். வெளிநாட்டுக்காரர் நம் நோயாளிகளிடம் ஆராய்ச்சி நடத்த வந்தால், இத்தனை உள்நாட்டு மாணவர்களுக்குப் பட்டம் வரை பயிற்சி என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். 4 என்பது 400 ஆக வேண்டும். பட்ஜெட் காலத்தில் பார்லிமெண்ட் மெம்பர்களைப் பார்க்கப் போகும் டெபுடேஷனில் விவசாயத் தொழிலாளர் சங்கம் இதையும் ஒரு கோரிக்கையாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

அதுவரை இருக்கிற 4ஐயும் விட்டுவிடக் கூடாது. கிராமத்தில் பி.எஸ்ஸி.யோ நர்சிங்கோ வைத்தியமோ படிக்கிற பிள்ளைகள் யார் யார் என்று கிளைத் தோழர்கள் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் திட்டத்துக்கு வயது 35க்குள் இருக்க வேண்டும். பட்டத்தில் 60 சதவீத மார்க் வேண்டும். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 8 லட்ச ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. வருமானச் சான்றும், நிலமற்ற விவசாயத் தொழிலாளி என்ற சான்றும் தாலுகா ஆபீசில் வாங்குவதற்குள் செருப்புத் தேய்ந்துவிடும்; கடைசி வாரத்தில் ஓடிப் பயனில்லை. இப்போதே மனுப் போட்டு, கையோடு ஒரு சங்கத் தோழரையும் அந்தப் பிள்ளையுடன் அனுப்புங்கள்.